மின்விசிறி சுற்றுகிறது, திரையில் படமில்லை: வீட்டில் கணினி பூட்டுவோருக்கு

கொழும்பில் இருந்து பாகங்களை வரவழைத்து வீட்டிலேயே கணினி பூட்டுபவர்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது பலர். பூட்டி முடித்து சுவிட்சை அழுத்தினால் விசிறிகள் சுற்றும், வண்ண விளக்குகள் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். என் கணினியும் அப்படித்தான் கிடந்தது. கொண்டுபோய்க் காட்டிய திருத்தகத்தில், எல்லாப் பாகங்களும் செருகும் பெரிய பலகையான மதர்போர்ட் செத்துவிட்டது என்று சொன்னார்கள். அது கொழும்புக்குப் போய், ‘பிழை எதுவும் இல்லை’ என்ற துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தது. பிழை ஒரு ரேம் (நினைவகம்) துண்டில் இருந்தது. மேசையில் வைத்து அரை மணி நேரம் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும்.

கீழே உள்ள ஒழுங்கு செலவைப் பார்த்துப் போட்டது. காசு செலவாகாத சோதனைகள் முதலில், கொழும்புக்கு அனுப்புவது கடைசியில். 2ஆம் படி சொல்வதைத் தவிர, இடையில் எதையும் தாண்டிப் போகாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மூன்றைச் சேர்த்து மாற்றிய பிறகு கணினி ஓடினால், எது பிழை என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

1. பற்றுச்சீட்டையும் பெட்டிகளையும் எடுத்து வையுங்கள்

திருகாணியில் கை வைக்குமுன் தாள்களைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கடைகளின் பற்றுச்சீட்டில் ‘ஒரு வருட உத்தரவாதம்’ என்பது 14 வேலைநாட்கள் குறைத்த ஒரு வருடம்தான். அது அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். எரிந்த தடம், கீறல், துரு, வளைந்த ஊசி ஆகியவற்றுக்கு உத்தரவாதம் செல்லாது என்ற வரியும் அங்கேதான் இருக்கும். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் துரு என்ற சொல்லை இரண்டு தரம் வாசியுங்கள்.

பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தொடர் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கிய கிழமையே கடையில் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். வெப்ப அச்சுத் தாளில் தந்த சீட்டு நம் ஊர் வெயிலுக்கு சில மாதங்களில் வெளிறிவிடும். அன்றே ஒரு பிரதி எடுங்கள், கைபேசியிலும் படம் பிடித்து வையுங்கள். கடைக்காரர் பாகத்தில் ஒட்டிய திகதி ஒட்டியை உரிக்க வேண்டாம். இன்டெல் மதர்போர்டுடன் வந்த கறுப்பு பிளாஸ்டிக் சொக்கட் மூடியை, அதாவது செயலி உட்காரும் இடத்து ஊசிகளைக் காக்கும் மூடியை, எறிந்துவிடாதீர்கள். மூடி இல்லாமல் போர்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மறுப்பார்கள், அல்லது வழியில் ஊசி வளைந்து பழி உங்கள் தலையில் விழும்.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ மாமா கொண்டுவந்த கிராஃபிக்ஸ் கார்ட் என்றால், உள்ளூர்க் கடையில் உத்தரவாதம் கேட்க வழியில்லை. வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டி வரும். விலை மலிவு என்று மகிழுமுன் இதையும் கணக்கில் சேருங்கள்.

2. எந்த இடத்தில் நிற்கிறது என்று பிரியுங்கள்

சுவிட்சை அழுத்தினால் எந்த அசைவும் இல்லையா? 4ஆம் படிக்குப் போங்கள். விசிறி சுற்றியும் படம் இல்லையா? 3இல் இருந்து வரிசையாக வாருங்கள். சில விநாடி ஓடி நின்று, மீண்டும் தானாக ஓடி நிற்கிறதா? 4, 5. கொம்பனியின் சின்னம் தெரிந்து அதற்குப் பிறகு நிற்கிறதா? நேராக 9.

படம் இல்லாத கணினிக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு நிமிடம் பொறுத்து, விசைப்பலகையில் கேப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே உயிரோடு இருக்கிறது; பிழை பெரும்பாலும் திரைப் பக்கத்தில்தான். விளக்கு அசையவில்லை என்றால் கணினி தொடக்கக் கட்டத்தையே தாண்டவில்லை.

3. திரையும் கேபிளும்

கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். மேலே யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டின் திரைத் துளை. அதற்குக் கீழே தனியாக, கிடையாக வரிசையில் இருப்பவை கிராஃபிக்ஸ் கார்டின் துளைகள். கார்ட் பூட்டியிருந்தால் கேபிள் கார்டில்தான் போக வேண்டும். பல மதர்போர்டுகள் கார்டைக் கண்டதும் தங்கள் சொந்தத் துளையை நிறுத்திவிடும்.

கார்ட் பூட்டாமல் மதர்போர்டில் நேரே செருகுபவர்கள் சிபியுவின் (செயலியின்) பெயரைக் கவனியுங்கள். இன்டெலில் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதனுள் கிராஃபிக்ஸ் இல்லை. ஏஎம்டியில் ரைசன் 5 5600க்குள் இல்லை, 5600ஜிக்குள் உண்டு. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் உண்டு, எஃப் என்று முடிபவற்றில் இல்லை. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருப்பதால் படம் வரும் என்று நினைப்பதுதான் இங்கே கண்ணி. துளை பெரும்பாலான போர்டுகளில் இருக்கும். படத்தை உண்டாக்குவது சிபியு.

மொனிட்டரின் பட்டனை அழுத்தி உள்ளீட்டை நீங்களே தெரிவு செய்யுங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் என்று விட வேண்டாம். தொலைக்காட்சியை மொனிட்டராகப் பாவிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், எச்டிஎம்ஐ 1, 2 என்று பல இருக்கும்.

விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் உள்ள மொனிட்டரை வைத்துச் சமாளிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். புதிய கார்டுகளில் விஜிஏ துளை கிடையாது. எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏக்கு மாற்றும் அடப்டர் வேண்டும், அது ஒருவழிப் பாதை. விஜிஏயில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு பொருள். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. டிவிஐ என்ற இன்னொரு வகைத் திரைத் துளையில் செருகும் மலிவான விஜிஏ முனையும் கவனத்துக்குரியது. டிவிஐ-டி வகைத் துளையில் விஜிஏக்குத் தேவையான சமிக்ஞையே இல்லை, அதில் இந்த முனையைச் செருகியும் பயனில்லை.

கேபிளைச் சோதிக்க அதே கேபிளால் ஒரு மடிக்கணினியை அதே மொனிட்டரில் இணைத்துப் பாருங்கள். படம் வந்தால் கேபிளும் மொனிட்டரும் நல்லவை. புதுக் கேபிள் வாங்கினாலும் பெரிய செலவில்லை. ஆனால் சோதிக்காமல் வாங்கும் ஒவ்வொரு பொருளும் வீண்செலவுதான்.

4. மின்சாரம்

முதலில் சுவர். உருண்டை முள், சதுர முள் என்று இரண்டு வகைச் செருகிகள் நம் வீடுகளில் கலந்து கிடக்கின்றன. இடையில் ஆடும் அடப்டர் ஒன்றைப் போட்டு அதன்மேல் பல்முனைச் செருகியைப் போட்டால் கணினி இடையிடையே நிற்கும். சோதிக்கும்போது நேரே சுவரில் கொடுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதா? புவித்தொடுப்பு இல்லை என்று பொருள். கணினியை விட்டுவிட்டு மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

பவர் சப்ளையின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் மலிவான சிலவற்றில் இன்னும் வருகிறது. இலங்கையில் 230 வோல்ட். அது 115இல் இருந்தபடி மின்சாரம் கொடுத்தால் ஒரு வெடிச்சத்தத்தோடு கதை முடிந்துவிடும். வெளிநாட்டில் இருந்து வந்ததென்றால் ஒட்டியில் 100–240 என்று இருக்கிறதா என்று வாசித்த பிறகே செருகுங்கள்.

இனி உள்ளே. மதர்போர்டுக்கு இரண்டு மின் இணைப்புகள் வேண்டும். அகலமான 24 முள் இணைப்பை யாரும் மறப்பதில்லை. போர்டின் மேல் இடது மூலையில், விசிறிக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் ஒளிந்திருக்கும் 8 முள் சிபியு இணைப்புத்தான் விடுபடுவது. அது இல்லாமலும் விசிறிகள் சுற்றும், விளக்கு எரியும், படம் மட்டும் வராது. அதன் வயர் நான்கு நான்காகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான வயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். ஒன்றை மற்றதன் இடத்தில் தள்ளிச் செருக முயலாதீர்கள், இலகுவாகப் போகாவிட்டால் அது அந்த இடத்துக்கு உரியதில்லை. சரியாகப் போனால் கொளுக்கி ‘க்ளிக்’ என்று விழும். விழுந்த பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று. வயர்களைக் கழற்றக்கூடிய பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் நண்பரிடம் வயர் இரவல் வாங்கக் கூடாது. பவர் சப்ளைப் பக்கத்து முள் ஒழுங்குக்குப் பொது நியமம் இல்லை. பொருந்திப் போகும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்கும் போர்டும் எரியும். உத்தரவாதத்தில் ‘எரிந்த தடம்’ என்ற வரி இதற்காகவே எழுதியது போல இருக்கும்.

எந்த அசைவும் இல்லையென்றால் பெட்டியின் சுவிட்சைச் சந்தேகியுங்கள். போர்டின் கீழ் ஓரத்தில் அதன் மெல்லிய வயர் செருகும் இரண்டு முட்களைக் கையேட்டில் பார்த்து அடையாளம் காணுங்கள். வயரை எடுத்துவிட்டு அந்த இரண்டையும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொடுங்கள். கணினி ஓடத் தொடங்கினால் பிழை சுவிட்சில்.

பவர் சப்ளையைத் திறந்து பார்க்க மட்டும் வேண்டாம். மின்சாரத்தை எடுத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தேங்கி நிற்கும்.

5. ரேம்: நேரம் ஒதுக்க வேண்டிய படி

படமில்லாத கணினிகளில் நான் முதலில் சந்தேகிப்பது ரேம். கிராஃபிக்ஸ் கார்டைத்தான் எல்லோரும் முதலில் பழிக்கிறார்கள், அதன் விலை மனத்தில் நிற்பதால் இருக்கலாம்.

சுவரில் செருகியைக் கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டுக்கொள்ளுங்கள். எல்லா ரேமையும் கழற்றி ஒன்றை மட்டும் எடுங்கள். நான்கு துளை உள்ள போர்டில் சிபியுவில் இருந்து எண்ணி இரண்டாவது துளை, பெரும்பாலான போர்டுகளில் அதன் பெயர் ஏ2. அதில்தான் ஒற்றை ரேம் போக வேண்டும். இரண்டு ரேம் என்றால் ஏ2, பி2. அதாவது இரண்டாவதும் நான்காவதும். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் சில போர்டுகள் படம் தராது.

செருகுமுன் ரேமின் பொன்னிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாவித்த ரேம் என்றால் பற்களில் மங்கலான படலம் இருக்கும், கடற்கரைப் பக்கமென்றால் சற்றுப் பச்சையாகக்கூட இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால், பற்கள் நிற்கும் திசையிலேயே மெல்லத் தேயுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். பொன்னிறம் திரும்பியதும் தூளை மென்தூரிகையால் தட்டிவிடுங்கள், ஊத வேண்டாம், எச்சில் படும். சோளகக் காற்றுக் காலத்தில் துளைக்குள்ளும் மெல்லிய புழுதி படிந்திருக்கும், அதே தூரிகை போதும்.

வெட்டுக்குறியைப் பொருத்தி இரண்டு நுனிகளையும் பெருவிரல்களால் அழுத்துங்கள். பயப்படும் அளவுக்கு அழுத்த வேண்டும். ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் மில்லிமீற்றர் அளவு தூக்கி நிற்பது கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். இரண்டு நுனியிலும் பற்கள் ஒரே அளவு மறைந்திருக்கின்றனவா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

படம் வராவிட்டால் அதே ரேமை வேறு துளையில், பிறகு வேறு ரேமை ஏ2இல். ஒவ்வொரு முறையும் தாளில் குறியுங்கள். எல்லாத் துளையிலும் ஒரே ரேம் தோற்றால் பிழை ரேமில். ஒரே துளையில் எல்லா ரேமும் தோற்றால் பிழை துளையில், அல்லது சிபியு ஊசியில். கடைக்குப் போகும்போது இந்தத் தாள் உங்கள் பக்கம் பேசும்.

டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. முதல் தடவை ஓடும்போது போர்ட் ரேமைப் பழக்கிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும், சிலவற்றில் கால் மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு நேரமும் திரை கறுப்பு. பொறுமை இழந்து சுவிட்சை அணைத்தால் அடுத்த முறை முதலில் இருந்து தொடங்கும். தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

6. போர்டின் நான்கு விளக்குகள்

பல போர்டுகளின் ஓரத்தில் அரிசி அளவில் நான்கு விளக்குகள் உண்டு: சிபியு, டிரேம் (ரேம்), விஜிஏ (இங்கே கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் உள்ள வட்டு). அறை விளக்கை அணைத்துவிட்டு, மொனிட்டரை முதலில் ஓடவிட்டு, பிறகு கணினியை ஓடவிடுங்கள். ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து அடுத்ததற்குப் போகும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கணினி நிற்கிறது. டிரேமில் நின்றால் மீண்டும் 5ஆம் படி. விஜிஏயில் நின்றால் கார்டைக் கழற்றித் திரும்பப் பூட்டி, அதன் மின் வயரைப் பாருங்கள். மொனிட்டர் அணைந்திருந்தாலும் சில போர்டுகள் இதே விளக்கைக் காட்டும். பூட் விளக்கில் நின்றால், விண்டோஸ் இன்னும் நிறுவாத கணினியில் அது வழக்கம்தான். சிபியுவில் நின்றால் 8 முள் வயர், பிறகு பயோஸ், அதாவது போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள் (7ஆம் படி).

விளக்கு இல்லாத மலிவுப் போர்ட் என்றால் சின்ன ஒலிப்பான் ஒன்றை வாங்கிச் செருகுங்கள், நூற்றுக்கணக்கில்தான் விலை. எத்தனை தரம் ஒலிக்கிறது என்பதன் பொருள் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

7. பயோஸ்

மின்சாரத்தைக் கழற்றி, போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். பயோஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். ரேமின் வேகத்தைக் கூட்டிய பிறகு படம் போனவர்களுக்கு இது ஒன்றே பெரும்பாலும் போதும். பாவித்த போர்ட் என்றால் பற்றரியைப் புதிதாகவே போடுங்கள், மலிவுதான். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிய கணினியில் வட்டு பிட்லொக்கர் என்ற விண்டோஸ் பாதுகாப்பால் மறையாக்கப்பட்டிருந்தால், இதற்குப் பிறகு அது மீட்புச் சாவி கேட்கலாம். அந்தச் சாவியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பழைய போர்டில் புதிய சிபியு என்றால் பயோஸ் அதை அடையாளம் காணாமல் இருக்கலாம். பி450 போர்டில் ரைசன் 5000, எச்610 அல்லது பி660 போர்டில் 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் என்பன வழக்கமான உதாரணங்கள். வாங்கும்போதே “இந்தச் சிபியுவுக்குப் பயோஸ் புதுப்பித்துத் தருவீர்களா?” என்று கேளுங்கள். வாங்கிய அன்று கேட்டால் இலவசமாகச் செய்து தரும் கடைகள் உண்டு. பிறகு போனால் கட்டணம். சில போர்டுகளில் சிபியு இல்லாமலே யுஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் பட்டன் பின்புறத்தில் இருக்கும். பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி முழங்கும் பின்னேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் போர்டை எழுப்புவது கடினம். யுபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள்.

8. பெட்டிக்கு வெளியே

இதுவரை படம் இல்லையென்றால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். சிபியு, அதன் விசிறி, ஒரு ரேம், தேவையென்றால் கார்ட், பவர் சப்ளை. வேறு எதுவும் வேண்டாம். 4ஆம் படியில் சொன்னபடி திருப்புளி நுனியால் ஓடவிடுங்கள். வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் பெட்டியில் ஏதோ ஒரு பித்தளைத் தாங்கி தேவையில்லாத இடத்தில் நின்று போர்டின் அடியைத் தொடுகிறது. ஏஎம்டியின் ஏஎம்4 வகைச் சிபியு வைத்திருப்பவர்கள் அதன் விசிறியை நேரே மேலே இழுக்காதீர்கள். பசையோடு ஒட்டிய சிபியுவும் ஊசிகளோடு கழன்று வரும். மெல்லத் திருகி விடுவித்த பிறகு தூக்குங்கள்.

9. சின்னம் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

‘விசிறியைக் காணவில்லை’ என்று நின்றால் விசிறி வயரை சிபியு விசிறித் துளையிலேயே செருகுங்கள். ‘பூட் செய்ய வட்டு இல்லை’ என்றால் முதலில் பயோஸில் வட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் எஸ்எஸ்டியைக் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். எஸ்எஸ்டியை நேரே போர்டில் செருகும் எம்.2 துளையைப் பாவித்தால், சில போர்டுகளில் வட்டு வயர் செருகும் ஒரு சில சாட்டா துளைகள் நின்றுவிடும், கையேட்டில் எந்த இலக்கம் என்று இருக்கும்.

பெயர் தெரிந்தும் ஓடவில்லையென்றால், பழைய கணினியில் இருந்து எடுத்த வட்டாக இருந்தால், அது பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கலாம். புதிய போர்டுகள் பல யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை மட்டுமே ஏற்கும். தரவைப் பிரதி எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே என் சிபாரிசு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, எனவே எப்படியும் 11க்குத்தான் போக வேண்டும். நிறுவும்போது வட்டையே காணவில்லை என்று சொன்னால், 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு காரணமாக இருக்கலாம். பயோஸில் அதை நிறுத்துங்கள், அல்லது போர்டுக் கொம்பனியின் தளத்தில் இருந்து அதற்கான டிரைவரைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். பயோஸில் நிறுத்துவதானால் நிறுவுவதற்கு முன்பே செய்யுங்கள்.

10. கடைக்கும் கொழும்புக்கும்

இப்போது எந்தப் பாகம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாகத்தை மட்டும் கொண்டு போங்கள். முழுக் கணினியையும் ஒப்படைத்தால் ஒரு பாகத்துக்காக எல்லாமே மூலையில் காத்துக் கிடக்கும், சோதனைக் கட்டணமும் தனியாக வரும்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் வாங்கியிருந்தால் முதலில் தொலைபேசியில் கதையுங்கள்: யாழ்ப்பாணத்தில் கிளையோ முகவரோ பொறுப்பேற்பார்களா, கூரியர் செலவு யாருடையது, எத்தனை வேலைநாட்கள். கடை இறக்குமதியாளருக்கு அனுப்பி, அவர் சோதித்து, பதில் திரும்பி வர இரண்டு மூன்று கிழமை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைநாள் கணக்கில் போயா தினமும் சனி ஞாயிறும் சேராது. சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி அனுப்பினால் இன்னும் இழுபடும்.

இரவு பஸ்ஸில் அனுப்புவதானால் நிலைமின் காப்புப் பையில் போட்டு, மூலப் பெட்டியில் வைத்து, இன்னொரு பெட்டிக்குள் துணி அடைத்து அனுப்புங்கள். பூட்டிய கணினியையே கொண்டுபோக வேண்டி வந்தால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே கொண்டுபோங்கள். நானூறு கிலோமீற்றர் குலுக்கலில் பாரமான கார்ட் துளையைப் பெயர்த்துவிடும்.

ஒப்படைக்கும்போது பாகத்தின் தொடர் இலக்கம், திகதி, நீங்கள் கண்ட பிழை மூன்றும் எழுதிய சீட்டு வாங்குங்கள். ஒட்டியும் ஊசிகளும் தெரியும்படி கடையின் மேசையிலேயே படம் எடுங்கள். உத்தரவாதம் இருந்தும் காரணமின்றி மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், துரித எண் 1977. எழுத்தில் கொடுங்கள், பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள், மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

திருத்தி வந்ததை வாங்கும்போது தொடர் இலக்கத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றிப் புதியது தந்தால் புதிய இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். உத்தரவாதம் பழைய திகதியில் இருந்தா, இன்றிலிருந்தா என்றும் எழுதுவியுங்கள். கடையிலேயே பூட்டி, திரையில் படம் வந்த பிறகு சீட்டில் ஒப்பமிடுங்கள்.